நல்ல புழுவா, கெட்ட புழுவா?

தமிழில் புழுவைப் போல வசவு வாங்கிய பிராணி வேறு இருக்குமா தெரியவில்லை. மேலதிகாரி சரியில்லை என்றால், 'என்னைப் புழு மாதிரி நடத்துறான்' என்கிறோம். வலி வந்தால் புழுவாய்த் துடிக்கிறோம். கத்திரிக்காய் கெட்டால் 'புழுத்துப் போச்சு'. இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆச்சரியம். கல்யாணமாகி வருஷம் திரும்பிய பெண்ணிடம் நம் பக்கத்துப் பாட்டிகள், 'வயித்துல புழு பூச்சி ஏதும் உண்டாயிருக்கா?' என்று விசாரிப்பார்கள். ஆசையாகவும் கேட்பதுண்டு, குத்தலாகவும் கேட்பதுண்டு. எப்படிக் கேட்டாலும் அந்த ஒரு இடத்தில் மட்டும் புழு வேண்டப்பட்ட ஜீவன்!

ஒரே சொல், நாலு அர்த்தம். நாம் புழு என்று சொல்லும்போது அந்தப் பிராணியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. நம் மனசு அப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

சரி, ஒரு கேள்வி. முன்பின் தெரியாத ஒன்று திடீரென்று கண்ணில் படுகிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன? 'இதனால ஆபத்து இருக்கா?' என்பதுதானே? நியாயம்தான். ஆனால், அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டுமா? இதை யோசிக்க வைத்தது ஒரு மீன் தொட்டி.

மதுரை எஸ்.எஸ். காலனியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஹார்டுவேர் கடைக்காரர். கடல் நம்மிடமிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவரோ ஹாலிலேயே ஒரு கடலைக் கட்டி வைத்திருக்கிறார். 250 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் சுமார் ஒன்பது கிலோ செயற்கைக் கடல் உப்பைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகாமலிருக்கக் குளிர்விக்கும் கருவி. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இவ்வளவும் 'நீமோ' என்று பிள்ளைகள் செல்லமாகக் கூப்பிடும் இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்களுக்காக!

நண்பர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கடினப் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. ஆகவே அவர் தொட்டியில் இருப்பது சுட்ட மண்ணில் செய்த பாறை. மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவை. ஆனாலும் கடல் சும்மா வருவதில்லை. மணலோடு, நத்தை ஓட்டோடு, ஒரு துளி பாசியோடு கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் குஞ்சுகளும் வந்துவிடுகின்றன.

ஒருநாள் ராத்திரி ஒரு மீன் செத்துக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் ஏழெட்டுப் புழுக்கள். விரல் நீளம். உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ச் சுணை. கம்பளிப்பூச்சி கடலுக்குக் குடிபோனது மாதிரி. வீட்டில் ஒரே அலறல். மீன் கடைப் பையனுக்கு போன் போனது. அவன் யோசிக்கவே இல்லை. 'அண்ணே, அதுதான் மீனைக் கொன்னிருக்கு. மருந்து தர்றேன், ஊத்தி எல்லாத்தையும் காலி பண்ணிருங்க!'

வழக்கு முடிந்தது. செத்தவர் இருக்கிறார். பக்கத்தில் சந்தேக நபர் இருக்கிறார். வாயில் சாப்பாடு வேறு இருக்கிறது. தீர்ப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நண்பர் மருந்து ஊற்றுவதற்குள் அவருடைய மகள் குறுக்கே விழுந்தாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கிற பெண். 'அப்பா, இது என்னன்னே தெரியாது. அதுக்குள்ள எப்படிக் கொல்றது?' என்றாள். ஒரு பிளாஸ்டிக் குழாயில் மீன் துண்டை வைத்து ஒன்றைப் பிடித்தார்கள். பூதக்கண்ணாடி வந்தது. அவளுடைய பேராசிரியர் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதைக் கேளுங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்.

முதலில் உடம்பைப் பார். வளையம் வளையமாக இருக்கிறதா? ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பக்கமும் சுணைக்கற்றை இருக்கிறதா? அப்படியானால் அது மண்புழுவின் கடல்வாழ் சொந்தம். இந்தக் கூட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளையமே இல்லாமல் வெற்றிலை போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டு வழுக்கினால் அது தட்டைப்புழு, வேறு ஜாதி. குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு இறகு விசிறியை மட்டும் வெளியே விரித்தால், தண்ணீரை வடிகட்டிப் பிழைக்கும் சாது. இடத்தை விட்டு நகராமல் சேமியா மாதிரி நீள நீளமான இழைகளைத் தரையில் பரப்பினால், அது குப்பை பொறுக்குகிற ஆசாமி.

அப்புறம் தலையைப் பார். உணர்கொம்பு எத்தனை? தலையில் ஐந்து கொம்பு, வானவில் மாதிரி மினுக்கும் உடம்பு, கத்தரிக்கோல் போன்ற கருத்த தாடை இருந்தால் ஜாக்கிரதை. அது பதுங்கி இருந்து பாயும் வேட்டைக்காரன். கடைசியாக, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிப் பார். உயிரோடு இருப்பதைத் தின்கிறதா, செத்ததைத் தின்கிறதா?

கவனித்தீர்களா? இத்தனை கேள்விகளில் ஒன்றுகூட 'நல்லதா, கெட்டதா' இல்லை. பியர் ஃபோவெல் என்ற பிரெஞ்சுக்காரர் நம் இந்தியக் கடல்களின் சுணைப்புழுக்களை 500 பக்கத்துக்கு மேல் வகைப்படுத்தி எழுதிய புத்தகம் 1953-ல் வந்தது. இப்படிப்பட்ட புத்தகங்களில் கொம்புக்கும் தாடைக்கும் சுணைக்கும் கணக்கு இருக்கும். நல்லது கெட்டதுக்கு ஒரு கட்டம் இருக்காது.

எஸ்.எஸ். காலனி வழக்குக்கு வருகிறேன். பிடிபட்டது சாதாரணத் துப்புரவுக்காரப் புழு. மீன் தின்று மிச்சம் வைத்தது, செத்தது, அழுகியது எல்லாம்தான் அதன் ஆகாரம். அது தின்னாவிட்டால் அந்த அழுகல் தண்ணீரில் கரைந்து அம்மோனியாவாகி, இருக்கிற இன்னொரு மீனையும் கொன்றுவிடும். அப்படியானால் கொலையாளி யார்? அன்றைக்கு மதியம் குளிர்விக்கும் கருவி நின்று போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் சூடேறி மீன் செத்திருக்கிறது. புழு வந்தது காரியம் செய்ய!

அதோடு முடியவில்லை. புழுக்கள் ஏன் இத்தனை பெருகின? பாசத்தில் வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை மீனுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள். மிஞ்சிய தீனி அத்தனையும் புழுக்களுக்குக் கல்யாண விருந்து. தீனியைக் குறைத்தார்கள், இரண்டு மாதத்தில் புழுக்களும் குறைந்துவிட்டன. விசாரணை புழுவில் ஆரம்பித்து விசாரித்தவர் வீட்டிலேயே வந்து நின்றது. அவசரத் தீர்ப்பு நமக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். நிஜமாகவே விசாரித்தால் நம் வீட்டுக் கதவும் தட்டப்படும்.

சம்பவ இடத்தில் இருந்தவர்தான் குற்றவாளி என்ற கணக்கு, மீன் தொட்டியோடு நிற்கவில்லை. ரிங் ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரிடமே, 'நீ யார்? எப்படி இடிச்சே?' என்று விசாரித்த காலம் இருந்தது. அதனாலேயே பார்த்தும் பார்க்காத மாதிரி எத்தனை பேர் வண்டியை நகர்த்திக்கொண்டு போனார்கள்! உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், உதவிக்கு வந்தவர் குற்றவாளி இல்லை என்று சொல்ல ஒரு நாட்டுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

'எல்லாப் புழுவும் உத்தமப் புழுவா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் நியூகீ என்ற கடலோர ஊரில் ஒரு பொது மீன் காட்சியகம். அங்கே பவளங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் துண்டாகிக் கிடந்தன. மீனுக்கும் காயம். பொறி வைத்துப் பார்த்தார்கள், தூண்டிலில் இரை கட்டிப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. கடைசியில் 2009-ல் காட்சித் தொட்டியையே பிரித்து மேய்ந்தபோது, நாலு அடி நீளத்துக்கு ஒரு புழு பாறைக்குள்ளிருந்து வந்தது. நான் மேலே சொன்ன ஐந்து கொம்பு ஆசாமி. குட்டியாக எப்போதோ பாறையோடு வந்து, உள்ளேயே வளர்ந்துவிட்டிருக்கிறது.

குற்றம் நிரூபணமாகிவிட்டது. என்ன செய்தார்கள்? 'பேரி' என்று பெயர் வைத்துத் தனித் தொட்டியில் விட்டார்கள்! அது வேட்டையாடும் பிராணி, பவளத்தோடு வைத்தது பொருந்தாத சகவாசம், அவ்வளவுதான். யார் என்று தெரிந்தால் கொல்வதைத் தவிர வேறு வழிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன.

அந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் 'பாபிட் புழு' என்று பட்டப்பெயர். 1993-ல் அமெரிக்காவில் ஒரு மனைவி கணவனைக் கத்தியால் வெட்டிய வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் குடும்பத்தின் பெயரைப் புழுவுக்குச் சூட்டிவிட்டார்கள். புழுவுக்கும் அந்த வழக்குக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் பெயரைக் கேட்டதுமே மனசுக்குள் குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது. பெயர் வைப்பது வேறு, பட்டம் கட்டுவது வேறு. பெயர் பார்க்க உதவும். பட்டம் பார்க்க விடாது.

கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் மீன் தொட்டிக்காரர்களிடம் கதை உண்டு. செந்நிறத் தட்டைப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். உயிரோடு இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொன்றால், செத்த புழுக்களின் உடம்பிலிருந்து வெளிவரும் விஷத்தில் மீன்களும் போய்ச் சேரும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் குழாய் வைத்து உறிஞ்சி முடிந்தவரை வெளியேற்றுவார்கள். பிறகுதான் மருந்து.

சரி, 'நல்லது', 'கெட்டது' என்று சொல்லும்போது, யாருக்கு?

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது, ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுத வேண்டும். புழுக் கணக்கும் இப்படித்தான். வெறும் கையால் தொட்டால் சில சுணைப்புழுக்களின் முள் விரலில் ஏறித் தீயாய் எரியும். செல்லோ டேப் ஒட்டிப் பிடுங்க வேண்டும். ஆனால் தொட்டிக்கு அதே புழு துப்புரவுக்காரர். விரலுக்குப் பற்று, தொட்டிக்கு வரவு.

இன்னும் ஒன்று. ஜப்பானில் தூண்டிலுக்குப் பயன்படும் ஒரு கடல் புழுவின் மேல் உட்கார்ந்த ஈக்கள் செத்து விழுவதைக் கவனித்திருக்கிறார்கள். 1934-ல் அதிலிருந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். 1960-களில் அதைப் பார்த்து உருவாக்கிய பூச்சிமருந்துதான் 'கார்டாப்'. நம் ஊர் நெல் வயல்களில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் எதிராகத் தூவிய அதே குருணை. கடல் புழுவின் விஷம் வயல் புழுவுக்கு எமன், விவசாயிக்கு லாபம், வயலில் இருந்த மற்ற ஜீவன்களுக்கு நஷ்டம். எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

பாண்டியர்கள் பெருமைப்பட்ட முத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1902-ல் இலங்கைக்கு வந்து மன்னார் வளைகுடா முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தார். நல்ல முத்துகளின் கருவில் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சு என்று எழுதினார். எல்லா முத்துக்கும் அது பொருந்தாது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் சிப்பிக்குள் புகுந்த ஒட்டுண்ணி முத்துக்குக் காரணமாக முடியும் என்பது உண்மைதான். சிப்பிக்குத் தொல்லை, ராணிக்கு மாலை!

'இப்படியே பேசிக்கொண்டிருந்தால் எதையுமே ஒழிக்க முடியாது' என்று ஒரு வாதம் வரும். வலுவான வாதம். நரம்புச் சிலந்தி தெரியுமா? குளத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள் உடம்புக்குள் ஒரு வருஷம் வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு இரண்டடி, மூன்றடி நீளத்துக்கு வெளிவரும் புழு. நம் தாத்தாக்கள் காலத்து ஊருணிகள் அதற்குப் பெயர் போனவை. அந்தப் புழு ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். நீங்களும் விடமாட்டீர்கள்.

ஆனால் அது எப்படி ஒழிந்தது? அதற்குத் தடுப்பூசி கிடையாது, மாத்திரை கிடையாது. தண்ணீரில் இருக்கும் ஒரு பொடிப்பூச்சிக்குள் அதன் குஞ்சு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். காலில் புண்ணோடு யாரும் குடிதண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. உலகம் முழுக்க 1986-ல் சுமார் 35 லட்சம் பேர் துடித்தார்கள். 2024-ல் இருபது பேர்கூட இல்லை. ஒழிக்க வேண்டியதை ஒழிப்பதற்கும் அது யார், எங்கே இருக்கிறது, எப்படி வாழ்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருந்தது.

புழுவை விட்டுவிட்டு மனிதர்களிடம் வருகிறேன். மனிதரைப் புழுவோடு ஒப்பிடவில்லை. பார்க்கிற கண்ணை ஒப்பிடுகிறேன்.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி. அதன் பக்கத்தில் பெருங்காமநல்லூர். வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒருவர் திருடினாரா என்று பார்க்க வேண்டியதில்லை. எந்த ஜாதியில் பிறந்தார் என்று பார்த்தால் போதும். பிரமலைக் கள்ளர்களைப் பட்டியலில் சேர்த்து, ரேகை வைக்கச் சொன்னார்கள். உழுது பிழைத்த சம்சாரியும் ரேகை வைக்க வேண்டும். 'நாங்க என்ன தப்பு பண்ணினோம்?' என்று ஊர் எதிர்த்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 வரை ஆனது.

அந்தச் சட்டமும் அடையாளம் காண்கிற வேலைதான். ரேகை, ரிஜிஸ்டர், பட்டியல் எல்லாம் இருந்தது. விஞ்ஞானம் மாதிரியே இருந்தது. ஒன்றைத்தான் தலைகீழாகச் செய்தார்கள். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, ஆளை அப்புறம் தேடினார்கள். நீ என்ன செய்கிறாய் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியுமா? மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பையனின் ஜாதியைச் சுற்றிவளைத்து விசாரிப்பதும், வேலைக்கு வந்த வெளிமாநிலத்துக்காரரைத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனதும் சந்தேகமாகப் பார்ப்பதும் வேறு என்ன? ரிஜிஸ்டர் இல்லை, அவ்வளவுதான். பட்டியல் மனசுக்குள் இருக்கிறது.

அடையாளம் காண்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கீழக்குயில்குடிக்குப் போனால் சமணர் மலை இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரக் குன்றுகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சமணத் துறவிகள் கல்லில் படுக்கை வெட்டித் தங்கினார்கள். அவர்களும் பட்டியல் போட்டவர்கள்தான். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தினார்கள். புழுவுக்கு இரண்டு புலன். தொடுதல், சுவைத்தல். எதற்காக இந்த வரிசை? தெரியாமல்கூட மிதித்துவிடக் கூடாது என்பதற்காக. எந்த உயிர் எங்கே இருக்கும், எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தவரால்தான் பார்த்து நடக்க முடியும்.

ஆக, பட்டியல் இரண்டு காரியத்துக்கும் உதவுகிறது. எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஆபத்து இருக்கிறதா என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். உங்கள் தொட்டி, உங்கள் மீன், உங்கள் தெரு. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. இது யார்? இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தேட அதிகபட்சம் ஒரு ராத்திரி கண் விழிக்க வேண்டியிருக்கும், ஒரு டார்ச் வேண்டியிருக்கும்.

மருந்து பாட்டில் எங்கேயும் ஓடிவிடாது. காலையிலும் அலமாரியில்தான் இருக்கும்.